பி.இ முடிச்சாச்சு, இனி நர்ஸிங்... அமெரிக்காவில் அந்த சீட் யாருக்குக் கிடைக்கிறது?

சென்னையில் சாயங்காலம் 5 மணி. ஆபீஸில் டீ டைம். என் போனில் பெரியம்மா மகளின் வாய்ஸ் மெசேஜ் வந்து விழும். நியூ ஜெர்ஸியில் அப்போது காலை ஏழரை. 12 மணி நேர நைட் ஷிஃப்ட்டை முடித்துவிட்டு, பார்க்கிங்கில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து பேசுவார் அக்கா. "அஞ்சு பேஷன்ட்டு டி இன்னிக்கு. ஒரு தாத்தா ராத்திரி பூரா பெட்டை விட்டு இறங்கப் பார்த்துக்கிட்டே இருந்தார். உட்காரவே நேரமில்ல. இனிமே வீட்டுக்குப் போய் இவனை ஸ்கூலுக்கு அனுப்பிட்டுத்தான் தூங்கணும்."

இதே அக்கா, 2015 வரை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்ட்டர். கல்யாணமாகி, மாமாவோடு ஹெச்-4 விசாவில் அமெரிக்கா போனார். மூணு வருஷம் வீடு, குழந்தை, யூடியூப் சமையல். அப்புறம் ஒருநாள், "நான் நர்ஸிங் படிக்கப் போறேன்" என்றார். இன்றைக்கு அவர் ஆர்.என். அதாவது, லைசன்ஸ் பெற்ற ரிஜிஸ்டர்டு நர்ஸ்.

இந்தக் கதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் தாண்டிப் பரவியதிலிருந்து எனக்கு ஒரே மாதிரி மெசேஜ்கள்தான். டல்லாஸில் இருக்கும் காலேஜ் தோழி, சான் ஹோசேயில் இருக்கும் ஜூனியர், அம்பத்தூரில் ஐ.டி வேலை வெறுத்துப்போன பக்கத்து வீட்டுத் தம்பி... எல்லோருக்கும் ஒரே கேள்வி. "அக்கா எப்படி சீட் வாங்கினாங்க? அவங்க நம்பர் கிடைக்குமா?"

அக்கா பகலில் தூங்க வேண்டும் என்பதால் நம்பருக்குப் பதில் இந்தக் கட்டுரை.

இங்கே இல்லாத கதவு

முதலில் அம்பத்தூர் தம்பிக்கு. இந்தியாவில் பி.எஸ்சி நர்ஸிங் நான்கு வருடப் படிப்பு. பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். கையில் பி.இ பட்டம் இருக்கிறது என்பதற்காக ஒரு செமஸ்டர்கூடக் குறையாது. பிளஸ் டூ-வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவருக்கு அந்தக் கதவே திறக்காது. நர்ஸிங்கில் போஸ்ட் பேஸிக் என்று இரண்டு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது ஏற்கெனவே ஜி.என்.எம் டிப்ளோமா முடித்த நர்ஸ்களுக்கு.

அமெரிக்காவில் கதை வேறு. வேறு துறையில் பட்டம் முடித்தவர்களுக்கென்றே தனியாக நர்ஸிங் படிப்புகள் இருக்கின்றன. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-லேயே இதைத் தொடங்கிவிட்டது. பெயர் ஆக்ஸிலரேட்டட் பி.எஸ்.என், சுருக்கமாக ஏ.பி.எஸ்.என். உங்கள் பழைய பட்டத்தின் பொதுப்பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நர்ஸிங் பாடங்களை மட்டும் 11 முதல் 18 மாதங்களுக்குள் அடைத்துத் திணித்துக் கொடுப்பார்கள். 'திணித்து' என்பதை யோசித்தேதான் எழுதுகிறேன். நான்கு வருட மாணவர்கள் எத்தனை மணி நேரம் ஹாஸ்பிட்டலில் பயிற்சி எடுக்கிறார்களோ, இவர்களும் அத்தனை மணி நேரம் எடுக்க வேண்டும். செமஸ்டர் லீவு என்ற ஒன்று கிட்டத்தட்ட இல்லை.

இன்னொரு வகை, நேரடியாக மாஸ்டர்ஸ். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 15 மாதங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், யேல் போன்ற இடங்களிலும் நர்ஸிங் தெரியாத பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எந்த வழியில் போனாலும் கடைசியில் எழுத வேண்டியது ஒரே தேர்வுதான். பெயர் என்க்ளெக்ஸ்-ஆர்.என். அதில் பாஸானால்தான் லைசன்ஸ்.

இந்த மாதிரிப் படிப்பு வேறு நாடுகளிலும் உண்டு. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் நர்ஸிங் பட்டமே, ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கான இரண்டு வருடப் படிப்பு. சிட்னி, மெல்போர்ன் பல்கலைக்கழகங்களில் இரண்டு வருட மாஸ்டர்ஸ். பிரிட்டனிலும் இரண்டு வருட எம்.எஸ்சி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் விதிகள் வேறு. நான் கிட்ட இருந்து பார்த்தது அமெரிக்கக் கதையைத்தான், அதை மட்டும் சொல்கிறேன்.

நர்ஸ் பற்றாக்குறை என்கிறார்களே, அப்புறம் ஏன் போட்டி?

அக்காவுக்கும் முதலில் இதே குழப்பம்தான். டி.வி-யைப் போட்டால் நர்ஸ் இல்லை, நர்ஸ் இல்லை என்கிறார்கள். விண்ணப்பித்தால், இடம் இல்லை என்கிறார்கள்.

2021-ல் மட்டும் அமெரிக்காவின் பட்ட, முதுநிலை நர்ஸிங் படிப்புகளில் தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. நர்ஸிங் கல்லூரிகளின் சங்கமே வெளியிட்ட கணக்கு இது. இவை ஆட்கள் அல்ல, விண்ணப்பங்கள். ஒருவரே ஐந்து இடத்துக்குப் போட்டிருக்கலாம். இருந்தாலும் சின்ன எண் இல்லை. காரணம், பாடம் நடத்த ஆசிரியர்கள் போதவில்லை. பயிற்சிக்கு ஹாஸ்பிட்டல் வார்டுகளும் போதவில்லை. நர்ஸிங்கில் முதுநிலை முடித்தவர் வார்டில் சம்பாதிப்பதைவிட வகுப்பறையில் குறைவாகத்தான் சம்பாதிக்கிறார். அப்புறம் யார் பாடம் நடத்த வருவார்கள்?

சம்பளமும் கூட்டத்துக்கு ஒரு காரணம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி, 2024 மே மாத நிலவரத்தில் ரிஜிஸ்டர்டு நர்ஸின் ஆண்டு வருமானம் இடைநிலையாக 93,600 டாலர். பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருக்கும் டெஸ்ட்டருக்கு இது காந்தம்தான்.

முதல் கேள்வி விசா

பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசியுங்கள்.

ஹெச்-4 விசாவில் இருப்பவர் தாராளமாகப் படிக்கலாம். தடை இல்லை. ஆனால் வேலை? கணவரின் அல்லது மனைவியின் ஐ-140 அனுமதியானால் ஹெச்-4 ஆட்களும் வேலை அனுமதி அட்டை வாங்கலாம் என்று 2015 மே மாதம் விதி வந்தது. அந்த அட்டை கையில் இருந்தால் படித்து முடித்த பின் ஹாஸ்பிட்டலில் சேரலாம். இல்லையென்றால், என்க்ளெக்ஸ் பாஸாகி லைசன்ஸ் வாங்கியும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். சில மாநிலங்கள் லைசன்ஸ் விண்ணப்பத்துக்கே சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்கும். உங்கள் மாநில நர்ஸிங் போர்டின் விதியைப் படிக்காமல் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

இங்கிருந்து நேரடியாக எஃப்-1 மாணவர் விசாவில் போகலாமே என்று நினைப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். கம்ப்யூட்டர் மாஸ்டர்ஸ் முடித்தவருக்கு மூன்று வருடம் ஓ.பி.டி கிடைக்கிறது. நர்ஸிங் அந்த ஸ்டெம் பட்டியலில் இல்லை. 12 மாதம்தான். அதன்பின் ஹெச்-1பி வாங்கலாம் என்றால், சாதாரண வார்டு நர்ஸ் வேலை பெரும்பாலும் அந்த விசாவுக்குத் தகுதி பெறாது. இரண்டு வருடப் படிப்பு முடித்தவரும் அதே ஆர்.என் லைசன்ஸ் வாங்க முடியும் என்பதால், 'பட்டம் கட்டாயம் தேவைப்படும் வேலை' என்ற நிபந்தனையில் அது அடிபட்டுவிடுகிறது. நர்ஸ்களுக்கு கிரீன் கார்டு நடைமுறையில் ஒரு படி குறைவு என்பது உண்மை. ஆனால், இந்தியர்களுக்கான அந்த வரிசை பல வருட நீளம்.

"கனவைக் கெடுக்கறேன்னு நெனைக்காதே. கடன் வாங்கிப் படிச்சு, விசா முடிஞ்சு கிளம்பின பொண்ணு ஒருத்தி என் பேட்ச்லயே இருந்தா. நல்லாப் படிச்சவ" என்கிறார் அக்கா.

கடன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மட்டும் 50,000 டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தற்காலிக விசாவில் இருப்பவருக்கு அமெரிக்க அரசின் மாணவர் கடன் கிடையாது. தனியார் வங்கிக் கடனுக்குப் பெரும்பாலும் சிட்டிஸனோ கிரீன் கார்டுக்காரரோ ஜாமீன் போட வேண்டும். படிக்கும்போது வேலையும் பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஏ.பி.எஸ்.என் கல்லூரிகளே வேண்டாம் என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள்.

சீட் முடிவாவது விண்ணப்பத்தில் அல்ல

அக்கா முதல் தடவை மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தார். மூன்றிலும் ரிஜெக்ட். அந்தக் கோடையில் அவர் மாய்ந்து மாய்ந்து செதுக்கியது எதைத் தெரியுமா? 'நான் ஏன் நர்ஸ் ஆக விரும்புகிறேன்' என்ற இரண்டு பக்கக் கட்டுரையை. இரண்டு மாதம்! மாமா எட்டுத் தடவை திருத்திக் கொடுத்தாராம்.

அடி விழுந்தது வேறு இடத்தில். பிரீ-ரெக்.

நர்ஸிங்கில் சேரும் முன்பே நீங்கள் முடித்திருக்க வேண்டிய பாடங்களை இப்படிச் சொல்கிறார்கள். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறினாலும், அனாடமி - ஃபிசியாலஜி இரண்டு பகுதிகளும் லேபோடு, மைக்ரோபயாலஜி லேபோடு, கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வளர்ச்சியைச் சொல்லும் சைக்காலஜி... இவைதான் வழக்கமான பட்டியல். ஒரு இன்ஜினீயரின் மார்க்‌ஷீட்டில் இவற்றில் எத்தனை இருக்கும்? கெமிஸ்ட்ரி இருக்கும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கலாம். மற்றதெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டும்.

இருப்பதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் அக்காவுக்குக் கிடைத்த முதல் பாடம். பல கல்லூரிகளில் பிரீ-ரெக் பாடங்களுக்கு 'எக்ஸ்பைரி' உண்டு. சில இடங்களில் 5 வருடம், சில இடங்களில் 7, தாராள மனசுக்காரர்களிடம் 10. அக்கா பி.இ-யில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தது கல்லூரி இரண்டாம் வருடத்தில். "பால் பாக்கெட் மாதிரி தேதி பார்க்கறாங்க டி!" என்று அன்றைக்குப் புலம்பியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது, வரிசை. அனாடமி முதல் பகுதி முடித்தால்தான் இரண்டாம் பகுதி. சில கல்லூரிகளில் அனாடமிக்கு முன்பே ஒரு பயாலஜி. ஆக, எவ்வளவு அவசரப்பட்டாலும் இரண்டு, மூன்று செமஸ்டர் ஓடிவிடும். அக்கா முதல் முறை விண்ணப்பித்தபோது அனாடமி இரண்டாம் பகுதியும் மைக்ரோபயாலஜியும் 'படித்துக்கொண்டிருக்கிறேன்' நிலையில். அதை அனுமதிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால், எதிரே நிற்பவர் எல்லாவற்றையும் முடித்து எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கியிருக்கும்போது, பாதி காலியாக இருக்கும் மார்க்‌ஷீட்டுக்கு யார் சீட் கொடுப்பார்கள்?

பல கல்லூரிகள் சேர்க்கைக்குப் புள்ளி முறை வைத்திருக்கின்றன. மொத்த ஜி.பி.ஏ-வுக்கு இவ்வளவு, அறிவியல் பாடங்களின் ஜி.பி.ஏ-வுக்கு இவ்வளவு, நுழைவுத்தேர்வுக்கு இவ்வளவு. குறைந்தபட்சம் 3.0 என்று போட்டிருப்பார்கள். அது வாசல் வரை வருவதற்கான அளவு. உள்ளே போகிறவர்களின் அளவு அல்ல. அறிவியல் பாடங்களை நேற்று படித்ததும், அதில் 'ஏ' வாங்கியதும் எதற்காகப் பார்க்கப்படுகிறது? 15 மாதத்தில் மருந்தியலும் நோயியலும் அருவி மாதிரி கொட்டும்போது இவர் மூழ்காமல் இருப்பாரா என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

அதனால் நான் சொல்வது இதைத்தான். உங்களிடம் ஒரு வருட சக்தி இருக்கிறதென்றால், அதில் பத்து மாதத்தை பிரீ-ரெக்கில் போடுங்கள். கம்யூனிட்டி காலேஜில் படிப்பதுதான் மலிவு. உள்ளூர்வாசிக் கட்டணம் ஹெச்-4 ஆட்களுக்குக் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் படிக்கலாம், ஆனால் ஆன்லைன் லேபை ஏற்காத கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் நான்கு பாடம் எடுத்து 'சி' வாங்குவதைவிட, இரண்டு எடுத்து 'ஏ' வாங்குவது மேல். ஏனென்றால் திரும்பப் படித்தாலும் பழைய மார்க் மறைவதில்லை. சில கல்லூரிகள் இரண்டையும் கூட்டிச் சராசரி போடும். சில, ஒரு முறைக்கு மேல் திரும்பப் படித்தவரைச் சேர்க்கவே சேர்க்காது. நம்ம ஊர் அரியர் மனநிலையோடு போனால் கஷ்டம்.

அப்பாவை அலையவிடும் மார்க்‌ஷீட்

பழைய இந்தியப் பட்டத்தை அமெரிக்க அளவுக்கு மாற்றிக் காட்ட வேண்டும். டபிள்யூ.இ.எஸ் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. பாடவாரியாக மதிப்பிடும் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பட்டத்தை மட்டும் சொல்லும் அறிக்கை போதாது. 68 சதவிகிதம்தானே என்று பயப்பட வேண்டாம். இங்கே ஃபர்ஸ்ட் கிளாஸாகக் கருதப்படும் மார்க் அங்கேயும் நல்ல கிரேடாகவே மாறுவது வழக்கம். ஆனால், மூன்று வருட பி.காம், பி.எஸ்சி பட்டத்தை அமெரிக்காவின் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எல்லாரும் ஏற்பதில்லை. நீங்கள் அந்த வகை என்றால் கல்லூரிக்கு மெயில் போட்டுக் கேட்டுவிட்டே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். நியூ ஜெர்ஸியில் இருக்கும் மகளுக்காக பெரியப்பா டோக்கன் வாங்கிக்கொண்டு கவுன்ட்டர் கவுன்ட்டராக நின்றார். முதல் தடவை கவரில் சீல் இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடியும் போனார். அந்தப் பெரியப்பாதான், அக்கா முதலில் விஷயத்தைச் சொன்னபோது, "லட்சம் லட்சமா கொட்டி இன்ஜினீயரிங் படிக்க வெச்சது பெட்பேன் எடுக்கவா?" என்று போனை வைத்தவர். இந்தியாவில் முதன்முதலாக பி.எஸ்சி நர்ஸிங் வகுப்பு தொடங்கியது 1946-ல். தொடங்கிய இடங்களில் ஒன்று நம்ம வேலூர் சி.எம்.சி. அதற்கப்புறம் எத்தனை தலைமுறை பட்டதாரி நர்ஸ்களைப் பார்த்துவிட்டோம், இருந்தும் வீட்டுக்குள் அந்தப் பேச்சு மாறவில்லை. ரெண்டாவது தடவை கவரோடு வந்தபோது பெரியப்பா எதுவும் பேசவில்லை. கூரியர் ரசீதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

டெஸ்ட், லெட்டர், கட்டுரை

நுழைவுத்தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீஸ் அல்லது ஹெஸி ஏ2, இரண்டில் ஒன்றைக் கேட்பார்கள். டீஸில் 170 கேள்விகள், 209 நிமிடங்கள். வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம். கணிதம் நமக்கு ஜுஜுபி. அறிவியல் பகுதி அனாடமி முடித்த சூட்டோடு எழுதினால் எளிது. இரண்டுமே கேட்காத கல்லூரிகளும் உண்டு.

சிபாரிசுக் கடிதம்தான் நம் ஆட்கள் சறுக்கும் இடம். "நீயே டைப் பண்ணிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்கிற நம்ம ஊர் சிஸ்டம் அங்கே நடக்காது. நர்ஸிங்கேஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில், கடிதம் எழுதுபவரே நேரடியாக ஏற்றுவார். நீங்கள் அதைப் பார்க்க முடியாது. ஒரு கடிதமாவது அறிவியல் பேராசிரியரிடமிருந்து கேட்பார்கள். நான்கு வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஒருவருக்கு யார் எழுதுவார்? அக்காவுக்கு எழுதியவர் அனாடமி லேப் பேராசிரியர். முதல் பெஞ்ச், சந்தேகம் கேட்பது, ஆபீஸ் நேரத்தில் போய்ப் பார்ப்பது என்று ஒரு செமஸ்டர் முழுக்க அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததன் பலன். கூச்சம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் கடந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம், வார்டைப் பார்த்த அனுபவம். நர்ஸ் உதவியாளரான சி.என்.ஏ பயிற்சிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 75 மணி நேரம். வேலை அனுமதி உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. அனுமதி இல்லாதவர்கள் சம்பளமில்லாத தன்னார்வ வேலைக்குப் போகலாம். அக்கா கண்டுபிடித்தது ஹாஸ்பிஸ். மரணத்தை நெருங்கியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம். மெடிகேர் பணம் பெறும் ஹாஸ்பிஸ்கள், நோயாளி கவனிப்பு நேரத்தில் 5 சதவிகிதமாவது தன்னார்வலர்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அதனால் அங்கே ஆட்களை எப்போதும் தேடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு மதியம், ஒரு வயதான அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் அக்காவின் வேலை. மூன்றாவது வாரம் போனபோது கட்டில் காலியாக இருந்தது. "அன்னிக்கு கார்ல வந்து அழுதேன். ஆனா, அடுத்த வாரமும் போகணும்னு தோணுச்சு. அப்பதான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு" என்றார்.

இரண்டாவது முறை எழுதிய கட்டுரையில் இது இருந்தது. முதல் கட்டுரையில் இருந்தது, சின்ன வயதில் பாட்டிக்கு ஊசி போட்ட சிஸ்டரின் வெள்ளை உடை. சேர்க்கைக் குழு அப்படிப்பட்ட பாட்டிகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கும், பாவம்.

பழைய வேலையை மறைக்கவும் வேண்டாம். அமெரிக்க ஹாஸ்பிட்டல்களில் ஒரு நர்ஸ் டாக்டரிடம் நோயாளியின் நிலையைச் சொல்ல 'எஸ்-பார்' என்ற முறை இருக்கிறது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்யலாம் என்று நான்கே படி. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து வந்த பழக்கம் இது. அக்காவுக்கு அதைப் படித்ததும் பக் ரிப்போர்ட் ஞாபகம் வந்திருக்கிறது. ஆறு வருடம் நள்ளிரவில் டெவலப்பர்களை எழுப்பி, 'இது உடைஞ்சிருக்கு, இப்படித்தான் உடைஞ்சது' என்று சுருக்கமாகச் சொல்லிப் பழகியவர் ஆயிற்றே! அதை அப்படியே எழுதினார். இன்டர்வியூவில் பேசியதும் அதைப் பற்றித்தானாம்.

இன்டர்வியூவில் தவறாமல் வரும் கேள்வி, 'ஏன் டாக்டர் இல்லை, ஏன் நர்ஸ்?' டாக்டருக்கு உதவி செய்யப் பிடிக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். டாக்டர் எழுதிய மருந்தளவு தவறாகத் தெரிந்தால் கொடுக்காமல் நிறுத்திக் கேட்க வேண்டியது நர்ஸின் கடமை. கேட்காமல் கொடுத்தால் நர்ஸின் லைசன்ஸ் போகும். இது தனிப் பொறுப்புள்ள வேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

சீட் கிடைக்கலைன்னா?

குறுக்குவழி மட்டும் வேண்டாம். 2023 ஜனவரியில் அமெரிக்க அரசு 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற பெயரில் 25 பேர் மீது வழக்குப் போட்டது. ஃபுளோரிடாவில் 3 நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேல் போலி டிப்ளோமாக்கள் விற்கப்பட்டிருந்தன. பணம் கொடுத்து வாங்கியவர்கள் பலர் லைசன்ஸை இழந்தார்கள். 'பிரீ-ரெக் தேவையில்லை, உடனே அட்மிஷன்' என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்தால் மூன்று விஷயம் தேடுங்கள். மாநில நர்ஸிங் போர்டின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, சி.சி.என்.இ அல்லது ஏ.சி.இ.என் அங்கீகாரம் இருக்கிறதா, அங்கே படித்தவர்களில் எத்தனை சதவிகிதம் முதல் முயற்சியில் என்க்ளெக்ஸ் பாஸாகிறார்கள். கடைசி எண்ணை மாநில போர்டுகளே வெளியிடுகின்றன.

நேர்மையான இன்னொரு வழி இருக்கிறது. நம் ஆட்கள் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி. செலவு ரொம்பக் குறைவு. எழுதுவது அதே என்க்ளெக்ஸ், கிடைப்பது அதே ஆர்.என் லைசன்ஸ். பெரிய ஹாஸ்பிட்டல்கள் பி.எஸ்.என் பட்டத்தை விரும்புகின்றன, உண்மைதான். நியூயார்க்கில் லைசன்ஸ் வாங்கிய 10 வருடத்துக்குள் பி.எஸ்.என் முடிக்க வேண்டும் என்று 2017-ல் சட்டமே வந்தது. ஆனால், அதை வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிக்கலாம். அங்கேயும் போட்டி உண்டு, அதே பிரீ-ரெக் அங்கேயும் எண்ணப்படும். அதனால் படித்தது வீணாகாது.

அக்காவுக்கு இரண்டாவது முறையும் நேரடியாக இடம் கிடைக்கவில்லை. வெயிட்லிஸ்ட். வகுப்பு தொடங்க பன்னிரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. தடுப்பூசி ரிப்போர்ட், பின்னணி சரிபார்ப்பு, போதை மருந்து டெஸ்ட், சி.பி.ஆர் சான்றிதழ் எல்லாம் அந்தப் பன்னிரண்டு நாளில். வெயிட்லிஸ்ட்டில் இருப்பவர்கள் இந்தக் காகிதங்களை முன்பே தயாராக வைத்திருப்பது நல்லது.

டல்லாஸ் தோழி போன வாரம் கம்யூனிட்டி காலேஜில் அனாடமி முதல் பகுதிக்குப் பதிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை காலை 8 மணி லேப். இதை அக்காவுக்குச் சொன்னேன். அன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குப் பதில் வந்தது.

"நல்லது. ஆனா, ஆட்டு மூளையை வெட்டணும்னு அவகிட்ட சொல்லிட்டியா? அவங்க வீட்ல முட்டைகூடச் சாப்பிட மாட்டாங்களே டி!"